பாக்கியை அடைத்தால் மட்டும் போதாது: கெட்டுப்போன சிபிலைச் சீர்செய்யும் வழி

590 ரூபாய். என் வீட்டுக் கடன் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணமான தொகை அவ்வளவுதான். சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கிய கிரெடிட் கார்டு அது. 2018இல் திருச்சிக்குக் குடிவந்த பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. தொடாத கார்டுக்கும் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் விழுந்தன. பில் பழைய வாடகை வீட்டுக்குப் போனது. குறுஞ்செய்திகள் நான் கைவிட்ட எண்ணுக்குப் போயின. மூன்று ஆண்டுகள் கழித்து வங்கி மேலாளர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது, வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து பாக்கி 11,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய தவற்றை அதன் பிறகுதான் செய்தேன். வசூல் முகவர் ஒருவர் தொலைபேசியில், "நாலாயிரத்து ஐந்நூறு கட்டிவிடுங்கள் சார், கணக்கை முடித்துவிடலாம்" என்றார். கட்டினேன், முடிந்தது என்று நம்பினேன். அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பித்தேன். அப்போது வங்கி எடுத்துப் பார்த்த என் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கணக்குக்கு எதிரே "செட்டில்டு" என்று ஒரே ஒரு சொல் இருந்தது. விண்ணப்பம் மறுபடியும் திரும்பியது. அன்று அதே மேலாளர் சொன்னதுதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை: "பாக்கியை அடைப்பது ஒரு வேலை, பதிவைச் சரிசெய்வது இன்னொரு வேலை. நீங்கள் முதல் வேலையையே பாதிதான் செய்திருக்கிறீர்கள்."

இந்த இரண்டு வேலைகளையும் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இப்போது அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

யார் இந்தப் பதிவை வைத்திருக்கிறார்கள்?

நம் கடன் வரலாற்றையும் அதற்கான மதிப்பெண்ணையும் நாம் பொதுவாக "சிபில்" என்று சொன்னாலும், அது ஒரு நிறுவனத்தின் பெயர். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள், 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் உரிமத்தோடு நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த நான்கிலும் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்று 2015இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதனால் ஓரிடத்தில் விழுந்த கறை பெரும்பாலும் நான்கு இடத்திலும் இருக்கும். துடைப்பதும் நான்கு இடத்திலும் துடைக்க வேண்டும்.

மதிப்பெண் 300இலிருந்து 900 வரை. பெரும்பாலான வங்கிகள் 750ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் தயங்காமல் பேசுகின்றன. இது வங்கிகள் தாமாக வைத்துக்கொண்ட அளவுகோல். இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் விதிக்கவில்லை. "650தான் இருக்கிறது, இனி ஒன்றும் நடக்காது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இது கடனோடு நிற்கும் விஷயமும் அல்ல. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒரு தேர்வரின் அதிகாரிப் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை: அறிக்கையை வாங்கி, வரி வரியாகப் படியுங்கள்

2017 முதல், ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்கள் என்பதால் ஆண்டுக்கு நான்கு அறிக்கைகள். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே நேராகப் போங்கள். பான் எண், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவை போதும். கட்டணத் திட்டங்களைத்தான் முன்னால் காட்டுவார்கள், இலவச அறிக்கைக்கான இணைப்பைக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். கடன் விற்கும் செயலிகள் வழியாகவும் மதிப்பெண்ணைப் பார்க்கலாம் என்றாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அங்கே எண்ணைக் கொடுத்தால் அன்று மாலையிலிருந்தே கடன் வேண்டுமா என்று அழைப்புகள் வரும்.

நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இந்தப் பயத்தாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அறிக்கை வந்ததும் கண் முதலில் அந்த மூன்று இலக்க எண்ணுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு, கணக்குகள் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு கணக்கின் கீழும் மாத வாரியாகக் கட்டங்கள் இருக்கும். சிபில் அறிக்கையில் 36 மாதங்களுக்கு இருக்கும். கட்டத்தில் மூன்று பூஜ்யம் இருந்தால் அந்த மாதம் நேரத்துக்குக் கட்டியிருக்கிறீர்கள். 030 அல்லது 060 என்று இருந்தால் அத்தனை நாள் தாமதம். மூன்று பெருக்கல் குறி போல இருந்தால், அந்த மாதத்துக்கு வங்கி தகவல் தரவில்லை என்று பொருள், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தாமதம் 90 நாளைத் தாண்டினால் அது வாராக் கடன். வீட்டில் இரண்டு மாதத் தவணை ஏற்கெனவே தவறியிருந்தால், மூன்றாவது மாதம் முடிவதற்குள் எப்படியாவது ஒரு தவணையையாவது கட்டுங்கள் என்று நான் கெஞ்சிச் சொல்வது இதனால்தான். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு ஏறிவருவது மிகக் கடினம்.

அடுத்து, கணக்கின் நிலை என்ன என்று பாருங்கள். "ரிட்டன் ஆஃப்" என்று இருந்தால், கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் விவசாயக் கடன் தள்ளுபடி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித்தான் கேட்கும். ஆனால் இது வேறு. இந்தப் பணம் வராது என்று வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் எழுதி ஒதுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கடன் அப்படியே இருக்கிறது. அறிக்கையில் வரக்கூடிய மிக மோசமான சொற்களில் அதுவும் ஒன்று. "செட்டில்டு" என்றால் வங்கி குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு மீதியை இழந்தது என்று பொருள். கடன் கொடுக்கப் போகிற அடுத்த வங்கி, "இவருக்குக் கொடுத்தால் நமக்கும் இதே கதிதானே" என்றுதான் யோசிக்கும். நமக்கு வேண்டிய சொல் "குளோஸ்டு". முழுவதும் அடைத்து முடித்த கணக்கு என்பதை அந்தச் சொல்தான் சொல்கிறது.

பதிவில் இருப்பது உங்கள் பாக்கிதானா?

பணத்தை எடுப்பதற்கு முன் இதை உறுதிசெய்யுங்கள். தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரு ஆவணத்தில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் சுப்பிரமணியன், மற்றொன்றில் முருகன் எஸ் என்று இருக்கும். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இன்னொருவரின் கடன் உங்கள் அறிக்கையில் ஏறிவிட வாய்ப்பு இருக்கிறது. பான் எண், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பருக்காகவோ மைத்துனருக்காகவோ நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறினால் அது உங்கள் கறைதான். அதைத் தவறான பதிவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பதிவு உண்மையிலேயே தவறு என்றால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே கட்டணமின்றி ஆட்சேபம் பதிவு செய்யலாம். அந்த நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. வங்கியைக் கேட்டு, அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். ஆகவே அதே நாளில் வங்கிக்கும் எழுதுங்கள். புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த விதியால் பயன்.

அடைக்கும் முறை

பாக்கி உங்களுடையதுதான் என்றால், யாரிடம் கட்டுவது என்பது முதல் கேள்வி. விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டுகளில் எத்தனை வங்கிகளின் பெயர்ப் பலகைகள் மாறிவிட்டன! கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கிக்குள் வந்தது. சிட்டி வங்கியின் கார்டுகள் 2023 மார்ச்சில் ஆக்சிஸ் வங்கிக்குப் போயின. பழைய பாக்கி இப்போது புதிய பெயரில் இருக்கும். சில சமயம் வங்கி அந்தக் கடனையே வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கும். அப்படியானால் அந்த நிறுவனத்திடம்தான் பேச வேண்டும். இதற்கெல்லாம் தொலைபேசியில் வரும் குரலை நம்ப வேண்டாம். அறிக்கையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்கு நீங்களே போங்கள், அல்லது அதன் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, உறவினர்களிடமும் அலுவலகத்திலும் சொல்லி அவமானப்படுத்தவோ கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முகவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கார்டு எண்ணுக்கோ கடன் கணக்கு எண்ணுக்கோ நேராகச் செலுத்துங்கள்.

இரண்டாவதாக, பாக்கியின் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கிரெடிட் கார்டு வட்டியை ஆண்டுக்கு 42 சதவீதம் என்று சொன்னால் பலருக்கு உறைப்பதில்லை. நம் கணக்கில் சொல்கிறேன்: நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. ஊரில் மூன்றரை வட்டிக்கு யாராவது கடன் வாங்கினால் வீட்டில் பெரியவர்கள் தூங்க மாட்டார்கள். 5,000 ரூபாய் பில்லை ஓராண்டு அப்படியே விட்டால், வட்டிக்கு வட்டியைச் சேர்க்காமலே 2,100 ரூபாய் வட்டி. தாமதக் கட்டணம் மாதம் 500 என்று வைத்துக்கொண்டால் 6,000. இரண்டின்மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,458. ஆக, 5,000 ரூபாய் 14,558 ரூபாயாகிவிடுகிறது. இதில் பெரும்பகுதி தாமதக் கட்டணமும் வரியும்தான் என்பதைக் கவனியுங்கள். பிரித்துக் கேட்பதன் பயன் இதுதான்.

ஏனென்றால் தாமதக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டத் தயாராக இருப்பவரிடம் வங்கிகள் பல சமயம் இறங்கி வருகின்றன. ஆனால் கட்டுவதற்கு முன் கடிதம் வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, இந்தத் தொகையோடு கணக்கில் பாக்கி ஏதும் இல்லை என்பது. மற்றொன்று, கடன் தகவல் நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு "குளோஸ்டு" என்று தெரிவிக்கப்படும், "செட்டில்டு" என்று அல்ல என்பது. இரண்டாவது வரி இல்லாததால்தான் என் 4,500 ரூபாய் வீணானது.

அப்படியானால் செட்டில்மென்ட் ஒருபோதும் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போய், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது முழுத் தொகையையும் கட்டு என்று சொல்வது கொடுமை. அந்த நிலையில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் செட்டில்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் நீதிமன்றத்திலும் இப்படிப்பட்ட வழக்குகள் முடித்துவைக்கப்படுகின்றன. வளர்ந்துகொண்டே போகும் வட்டி நின்றுபோகும், தொலைபேசி அமைதியாகும். ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு எடுங்கள். பின்னால் கை நிமிர்ந்ததும் வங்கிக்குப் போய், அன்று விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டிவிடுகிறேன், நிலையை "குளோஸ்டு" என்று மாற்றுங்கள் என்று எழுதிக் கேட்கலாம். எல்லா வங்கிகளும் உடனே ஒப்புக்கொள்ளும் என்று உறுதி கூற முடியாது. என் விஷயத்தில் மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

பணம் புரட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கார்டு பாக்கியை அடைக்கக் கந்துவட்டிக்கோ மீட்டர் வட்டிக்கோ போகாதீர்கள். தமிழ்நாட்டில் அதற்கெதிராக 2003இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் தெருமுனையில் அது இன்னும் நடக்கிறது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைப்பது எவ்வளவோ மேல். வங்கி நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, அது நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி. மூன்றரை வட்டிக் கடனை முக்கால் வட்டிக் கடனாக மாற்றுவது லாபம்தானே? நகைக்கடனுக்கு வங்கிகள் மதிப்பெண்ணைப் பெரிதாகப் பார்ப்பதும் இல்லை, ஈடு அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஆனால் எந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு கட்டி எப்போது மீட்கப் போகிறோம் என்பதை வைப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீட்காத நகை ஏலத்துக்குப் போகும்.

ஒன்றுக்கு மேல் பாக்கி இருந்தால், பழைய இறந்த கணக்கை அடைக்கும் ஆர்வத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தவணையை விட்டுவிடாதீர்கள். 30 நாள் தாமதத்தில் இருக்கும் கணக்கைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை. மூன்று ஆண்டாகக் கிடக்கும் பாக்கி இன்னும் இரண்டு மாதம் பொறுக்கும்.

காகிதம் வாங்கும் வேலை

கட்டி முடித்ததும் நிலுவையின்மைச் சான்று வாங்குங்கள். கிளைகளில் "நோ டியூஸ்" அல்லது "என்.ஓ.சி." என்று கேட்டால்தான் புரியும். கணக்கு எண், கட்டிய தொகை, தேதி, வங்கியின் முத்திரை அல்லது அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கார்டை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் அப்போதே மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கியில்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி. ஊர் மாறிய 2018இலேயே கார்டை மூட எனக்குத் தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

கார்டு பாக்கியைத் தீர்த்த 30 நாட்களுக்குள் வங்கி அந்த நிலையைக் கடன் தகவல் நிறுவனங்களில் புதுப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு இரண்டு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் இப்போது மாற்றம் முன்பைவிட விரைவில் தெரிகிறது. ஆனாலும் நீங்களே பார்த்தால்தான் உண்டு. ஒன்றரை மாதம் கழித்து நான்கு நிறுவனங்களிலும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இலவச முறை தீர்ந்துவிட்டால் கட்டணம் கட்டி வாங்கலாம். மாறவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒம்புட்ஸ்மன் என்று நாளிதழ்களில் படிப்பது இவரைத்தான். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. இணையம் வழியாகவோ, சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலோ புகார் அனுப்பலாம். எப்படி அனுப்புவது என்று 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2022 செப்டம்பர் முதல் வங்கிகள் மட்டுமல்லாமல் கடன் தகவல் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வருகின்றன.

இனி புதிதாக எழுத வேண்டியது

கணக்கு "குளோஸ்டு" ஆனதும் மதிப்பெண் துள்ளி எழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தாமதமான மாதங்கள் கட்டங்களில் அப்படியே இருக்கும். உண்மையாக நடந்த தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் புதிய நல்ல மாதங்கள் முன்னால் வந்து சேர்வதை யாரும் தடுக்கவும் முடியாது. சேரவேண்டுமானால் ஏதாவது ஒரு கடன் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். கடனே வேண்டாம் என்று ஒதுங்கியவரின் வரலாறு பழைய கறையோடு அப்படியே உறைந்து நிற்கிறது. ஏலச்சீட்டை ஒழுங்காகக் கட்டுவதும், கடைக்காரரிடம் நாணயமாக இருப்பதும் நல்ல குணங்கள்தான். ஆனால் அவை இந்த அறிக்கையில் ஏறுவதில்லை.

கறை உள்ளவருக்கு எளிதில் கிடைப்பது, வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கிரெடிட் கார்டு. வங்கியில் 20,000 ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அதில் 80, 90 சதவீதம் அளவுக்குக் கார்டு வரம்பு தருவார்கள். வங்கிக்கு வங்கி இது மாறும். டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். விண்ணப்பிக்கும்போதே, கடன் தகவல் நிறுவனங்களுக்கு இதைத் தெரிவிப்பீர்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்தக் கார்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எப்படியும் செய்யப்போகும் ஒரே ஒரு செலவை மட்டும் அதில் போடுங்கள். நான் கைப்பேசி ரீசார்ஜையும் பெட்ரோலையும் மட்டும் போட்டேன். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 16,000 வரம்பு என்றால் மாதம் 4,800க்குள். பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும், மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை என்று. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் மீதிக்கு அந்த மூன்றரை வட்டி ஓடத் தொடங்கும். அதோடு, அடுத்த மாதம் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் பறிபோகும். முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் படிவத்தில் "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கெடு தேதி சம்பள நாளுக்கு முன்னால் வந்தால் பில் தேதியை மாற்றித் தரச் சொல்லலாம். அந்த உரிமை நமக்கு இருக்கிறது.

வங்கியில் வைத்த நகைக்கடனும் அறிக்கையில் ஏறும், அதை ஒழுங்காக அடைப்பதும் வரலாறுதான். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருப்பவர்களின் சிறுகடன்களும் பதிவாகின்றன. குழுத் தவணை ஒன்று தவறினாலும் அது தனி ஆளின் அறிக்கைக்கே வரக்கூடும் என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதத்தில் மதிப்பெண் அசையத் தொடங்கும். ஓராண்டில் நன்றாகத் தெரியும். 36 மாதம் தொடர்ந்தால் புதிய கணக்கின் கட்டங்கள் அத்தனையும் நேரத்துக்குக் கட்டிய மாதங்களாக நிறைந்திருக்கும்.

இடையில் செய்யக் கூடாதவை

ஓரிடத்தில் மறுத்தால் உடனே அடுத்த வங்கி, அதற்கடுத்த நிதி நிறுவனம், பிறகு இரண்டு செயலிகள் என்று ஓடாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு இடமும் உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கும், அந்த விசாரணை தேதியோடு பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்து விசாரணைகள் இருந்தால், பணத்துக்குத் தவிப்பவர் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரு மறுப்புக்குப் பின் ஆறு மாதமாவது பொறுங்கள். இப்போது வாங்கிப் பிறகு கட்டு என்று கைப்பேசியில் தரும் சிறு கடன்களும் கடன்தான். 800 ரூபாய்ச் செருப்புக்கு எடுத்ததும் தவறினால் பதிவாகும்.

வாட்ஸ்அப்பில், "15 நாளில் உங்கள் சிபிலை 800 ஆக்கித் தருகிறோம்" என்று வரும் விளம்பரங்களைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. ஏற்கெனவே அடிபட்டு நிற்பவரிடம் 5,000, 10,000 என்று பிடுங்குகிறார்கள். அவர்களால் செய்யக்கூடிய நியாயமான ஒரே காரியம் ஆட்சேபம் பதிவு செய்வது. அதை நீங்களே காசில்லாமல் செய்யலாம். அதற்கு மேல் செய்வதாகச் சொன்னால் அது பொய். பான், ஆதார், ஓ.டி.பி. மூன்றும் அவர்கள் கைக்குப் போனால் உங்கள் பெயரில் புதிய கடன் முளைக்கும் ஆபத்தும் இருக்கிறது. யாராவது உங்கள் அறிக்கையை எடுத்தால் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பது இப்போது விதி. அது வருவதற்காகவாவது நான்கு நிறுவனங்களிலும், எல்லா வங்கிகளிலும் உங்கள் கைப்பேசி எண்ணையும் முகவரியையும் இன்றே புதுப்பியுங்கள். வீடு மாறும்போது கேஸ் இணைப்பையும் ரேஷன் கார்டையும் மாற்ற அலையும் நாம் இதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பெரிய கடனுக்குப் போகும் நாள்

மீதித் தொகையை நான் 2022இல் கட்டினேன். அந்த ஆண்டு இறுதியில் வைப்புத்தொகைக் கார்டு வாங்கினேன். வீட்டுக் கடன் கிடைத்தது 2025இல். இடைப்பட்ட காலத்தில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அன்று ஒரு கோப்பு கொண்டுபோனேன். நிலுவையின்மைச் சான்று, பணம் கட்டிய ரசீது, நிலையை மாற்றியதாக வங்கி அனுப்பிய மின்னஞ்சல், அந்த மாதம் எடுத்த அறிக்கை, நடந்ததை விளக்கி அரைப் பக்கத்தில் ஒரு கடிதம். கடிதத்தில் சாக்கு எதுவும் எழுதவில்லை. எந்த ஆண்டு, எவ்வளவு, ஏன் தவறியது, எப்போது முழுவதும் கட்டினேன், அதன்பின் எத்தனை மாதம் ஒழுங்காக இருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தேன். உங்கள் கோப்பிலும் இவை இருக்கட்டும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கே முதலில் போங்கள், அவர்கள் உங்கள் வரவுசெலவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மனைவியோ கணவனோ இணை விண்ணப்பதாரராக வருவதானால் அவருடைய அறிக்கையையும் முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள், இருவர் பதிவையும் வங்கி பார்க்கும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே கோப்பை மேலாளர் மேசையில் வைத்துப் பேசுங்கள். கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் விசாரணை பதிவாகும். "இப்போது வேண்டாம், இன்னும் நான்கு மாதம் கழித்து வாருங்கள்" என்று அவர் சொன்னால் புதிய விசாரணை ஏதும் இல்லாமல் வீடு திரும்பலாம். நான்கு மாதம் கழித்து, புதிய அறிக்கையை அதே கோப்பில் சேர்த்துக்கொண்டு மறுபடியும் போங்கள்.